மகப்பேறு விடுப்பில் இருக்கும் தாய்க்குக் கடும் நோய் வந்தால்: இந்தியச் சட்டம் தருவதும் தராததும்

தனியார் நிறுவனத்தில் பணிபுரியும் உங்கள் தங்கைக்குக் குழந்தை பிறந்த எட்டாவது வாரத்தில் மார்பகப் புற்றுநோய் உறுதியாகியிருக்கிறது. மீதமிருக்கும் மகப்பேறு விடுப்பை நிறுத்திவைத்துவிட்டு இப்போதைக்கு மருத்துவ விடுப்பில் போகவும், சிகிச்சை முடிந்தபின் அந்த மீதியைக் குழந்தையோடு கழிக்கவும் சட்டத்தில் இடமுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் இன்றைய நிலையில் அதை உரிமையாகக் கேட்டுப் பெற வழியில்லை. எனினும் நிறுவனம் மனம்வைத்தால் அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்வதைச் சட்டம் தடுக்கவும் இல்லை. உரிமையாகக் கிடைப்பவை என்னென்ன, பேசிப் பெற வேண்டியவை என்னென்ன என்பதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டால்தான் அடுத்த சில மாதங்களைத் திட்டமிட முடியும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அடிப்படைச் சட்டம் 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம். 2017-இல் வந்த திருத்தம் ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. ஏற்கெனவே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் உயிருடன் இருந்தால் மட்டும் அது 12 வாரங்களே. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்களாவது வேலை பார்த்திருக்க வேண்டும். இந்தச் சட்டம் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் சேர்க்கப்பட்டு, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறினாலும் விடுப்பின் அளவும் அமைப்பும் பழையபடியேதான் இருக்கின்றன. மனிதவளப் பிரிவினர் பலரும் பழைய எண்களைச் சொல்லித்தான் பேசுவார்கள் என்பதால் நானும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்களையே பயன்படுத்துகிறேன்.

விடுப்பை ஒத்திவைக்க முடியாமைக்குக் காரணம் 5-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பிரசவ நாளுக்கு உடனடியாக முந்தைய காலம், பிரசவ நாள், அதை உடனடியாகத் தொடர்ந்து வரும் காலம் ஆகியவற்றில் தாய் உண்மையில் பணிக்கு வராத நாட்களுக்குத்தான் ஊதியம் என்று அது வரையறுக்கிறது. ஆகவே இந்த 26 வாரங்களும் பிரசவத்தை நடுவில் வைத்து இடைவெளியின்றி ஓடும் ஒரே காலமாகவே கணக்கிடப்படுகின்றன. இடையில் நிறுத்தி, ஆறு மாதம் கழித்துத் தொடர்வது என்ற எண்ணமே அந்த வரிகளை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

இதன் விளைவை ஒரு நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால் நன்றாக விளங்கும். உங்கள் தங்கை பிரசவத்துக்கு முன் 4 வாரம் விடுப்பு எடுத்திருந்தார் என்று கொள்வோம். பிறகு 8 வாரம் போயிற்று. மிச்சம் 14 வாரம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்ற கணக்கில் எட்டுச் சுற்றுக் கீமோ கொடுப்பது மார்பகப் புற்றுநோயில் வழக்கமான முறைகளுள் ஒன்று. நோய் உறுதியான வாரத்திலேயே முதல் சுற்று தொடங்கினாலும், ஐந்தாவது சுற்று முடிந்து ஆறாவது தொடங்கும் முன்பே மகப்பேறு விடுப்பு தீர்ந்துவிடும். மேலும் மூன்று சுற்று, அறுவை சிகிச்சை, தேவைப்பட்டால் கதிர்வீச்சு எல்லாம் இனிமேல்தான் இருக்கும். அதாவது, குழந்தையோடு இருப்பதற்கென்று கொடுக்கப்பட்ட விடுப்பு முழுவதும் சிகிச்சையிலேயே கரைந்து, சிகிச்சையின் நடுவில் கையில் விடுப்பே இல்லாமல் போகும். கீமோ நடக்கும்போது தாய்ப்பால் கொடுக்க முடியாது. சில நாட்களில் குழந்தையைத் தூக்கிவைத்துக்கொள்ளும் தெம்புகூட இருக்காது. பாலூட்டும் காலத்தில் மார்பில் தட்டுப்படும் கட்டியைப் ‘பால் கட்டியிருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் பல வாரங்கள் கழித்தே பரிசோதனைக்குப் போவதும் இங்கே அடிக்கடி நடக்கிறது. அந்த வாரங்களும் விடுப்பில் கழிந்தவைதாம்.

அடுத்ததாக 10-ஆம் பிரிவுக்கு வருவோம். கர்ப்பம், பிரசவம், குறைமாதப் பிரசவம், கருச்சிதைவு, மருத்துவக் கருக்கலைப்பு, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை ஆகியவற்றால் ஏற்படும் நோய்க்காக, 26 வாரங்களுக்கு மேல் அதிகபட்சம் ஒரு மாதம் வரை அதே ஊதியத்துடன் கூடுதல் விடுப்பு பெறலாம் என்கிறது அது. இது நிறுவனத்தின் சலுகை கிடையாது. உரிய மருத்துவச் சான்றைக் கொடுத்தால் மறுக்க முடியாத உரிமை. பிரசவத்துக்குப் பின்புதான் எடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் அதில் இல்லை. இது தெரியாததாலேயே ஊதியமில்லா விடுப்பில் போகிற பெண்கள் ஏராளம்.

ஆனால் கேள்வி இங்கேதான் சிக்கலாகிறது. நோய் எங்கிருந்து வந்தது என்று சட்டம் கேட்கிறது. அந்த நோயால் தாய்க்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடிகிறதா என்று அது கேட்பதில்லை. பிரசவத்தையொட்டி இதயத் தசை பலவீனமடையும் நோய், பிரசவத்துக்குப் பிந்தைய வலிப்பும் கடும் ரத்த அழுத்தமும், கர்ப்பப்பைத் தொற்று, காலிலோ மூளையிலோ ரத்தம் உறைதல் போன்றவை இந்த வரையறைக்குள் வருவதில் ஐயமில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வும், ஆயிரத்தில் ஓரிரு தாய்மார்களுக்கு முதல் சில வாரங்களிலேயே வரும் கடும் மனப்பிறழ்வும் வரும்; ஏனெனில் 10-ஆம் பிரிவு நோய் என்று மட்டுமே சொல்கிறது, உடல்நோய் என்று எங்கும் சொல்லவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மனநோயை உடல்நோய்க்குச் சமமாக நடத்த வேண்டும் என்றே சொல்கிறது. மனநல மருத்துவரின் சான்றை வாங்கிக்கொண்டு, “இதற்கெல்லாம் லீவு தர முடியாது” என்று யாரேனும் சொன்னால் அவர் சட்டத்தைப் படிக்கவில்லை என்று பொருள்.

புற்றுநோயை எடுத்துக்கொண்டால் இந்தக் கோடு எவ்வளவு தற்செயலானது என்பது தெரியும். முத்துப்பிள்ளைக் கர்ப்பத்துக்குப் பின்னும் (கரு சரியாக உருவாகாமல் நஞ்சுக்கொடியின் திசு மட்டும் கொத்தாகப் பெருகும் நிலை), சில நேரங்களில் இயல்பான பிரசவத்துக்குப் பின்னும், நஞ்சுக்கொடியின் திசுவிலிருந்து தோன்றும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோய் இருக்கிறது. அது கர்ப்பத்திலிருந்தே பிறப்பதால் 10-ஆம் பிரிவுக்குள் நேராக வந்துவிடும். அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் மார்பகப் புற்றுநோய்க்காகவோ லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்காகவோ கீமோ ஏற்றிக்கொண்டிருக்கும் தாய்க்கும் அதே வயதில் கைக்குழந்தை இருக்கலாம், அதே வாந்தியும் களைப்பும் இருக்கலாம். ஆனால் அவருக்கு அந்த ஒரு மாதம் உரிமையாகக் கிடைக்காது. பிரசவமான ஓராண்டுக்குள் கண்டறியப்படும் மார்பகப் புற்றுநோயை மருத்துவர்கள் கர்ப்பத்தோடு தொடர்புடைய வகையாகத் தனியே பேசுவதுண்டு. ஆனால் அந்தப் பெயர் அது எப்போது கண்டறியப்பட்டது என்பதை மட்டுமே குறிக்கிறது, எதனால் வந்தது என்பதைக் குறிக்காது. அதை வைத்து 10-ஆம் பிரிவைக் கோரினால் நிறுவனம் எதிர்க்க வாய்ப்புண்டு.

இந்த இடத்தில் மருத்துவச் சான்றின் வாசகம் முக்கியமாகிறது. இல்லாத ஒன்றை எழுதித் தரும்படி மருத்துவரை வற்புறுத்தக் கூடாது. அது பின்னால் தங்கைக்கே எதிராகத் திரும்பும். ஆனால் உள்ளதை முழுமையாக எழுதும்படி கேட்கலாம். சிசேரியன் காயம் ஆறாமல் இருப்பது, பிரசவத்தில் ரத்தம் போனதால் வந்த ரத்தசோகை, பாலை வற்றச் செய்யும்போது ஏற்படும் மார்புச் சீழ், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று பிரசவத்தோடு நேரடித் தொடர்புள்ள பிரச்சினைகள் ஏதேனும் உண்மையாகவே இருந்தால், அவற்றுக்கு மகப்பேறு மருத்துவரிடமிருந்து ஒரு சான்றும், புற்றுநோய்க்கு அதற்குரிய மருத்துவரிடமிருந்து தனியாக ஒரு சான்றும் பெறுவது நல்லது. இரண்டையும் ஒரே தாளில் கலந்து எழுதினால், மனிதவளப் பிரிவு மொத்தத்தையும் ‘மருத்துவ விடுப்பு’ என்ற தலைப்பில் போட்டுவிடும்.

தங்கை இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறாரா என்பது அடுத்து பார்க்க வேண்டியது. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளர்களை அது உள்ளடக்கும். அதில் இருந்தால் மகப்பேறு ஊதியத்தை நிறுவனத்துக்குப் பதிலாக இ.எஸ்.ஐ. கழகமே முழு நாள் ஊதிய அளவில் வழங்கும். சாதாரண நோய்ப்பயன் ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. புற்றுநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு நீட்டித்த நோய்ப்பயன் என்ற ஒன்று இருக்கிறது: ஊதியத்தில் 80 சதவீதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் வரை. அதற்கு இரண்டு ஆண்டுத் தொடர்பணியும், முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 156 நாள் பங்களிப்பும் வேண்டும். மகப்பேறு பயனையும் நோய்ப்பயனையும் ஒரே காலத்துக்குச் சேர்த்துப் பெற முடியாது. இரண்டுக்கும் தகுதி இருந்தால் எது வேண்டும் என்று தொழிலாளியே தேர்ந்தெடுக்கலாம். எனவே முழு ஊதியம் தரும் மகப்பேறு பயனை முதலில் முடித்துவிட்டு நோய்ப்பயனுக்கு மாறுவதுதான் பண அளவில் மேலானது. இந்த நாட்டில் குறைந்த ஊதியம் வாங்கும் தொழிலாளிக்கு, அதைவிட அதிகம் வாங்கும் அலுவலகப் பணியாளரைக் காட்டிலும் இந்த ஒரு விஷயத்தில் நல்ல பாதுகாப்பு இருக்கிறது என்பது பலர் கவனிக்காத உண்மை. தங்கையின் ஊதியம் அந்த வரம்பைத் தாண்டியிருந்தால், மகப்பேறு விடுப்பு முடிந்தபின் அவருக்கு எஞ்சுவது நிறுவனத்தின் சொந்த மருத்துவ விடுப்பும் ஈட்டிய விடுப்பும்தான். பெரும்பாலான நிறுவனங்களில் இரண்டையும் கூட்டினாலும் சில வாரங்களைத் தாண்டாது.

வேலைப் பாதுகாப்பிலும் இதே இடைவெளி உண்டு. மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது பணிநீக்கம் செய்வதையும், பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றுவதையும் 12-ஆம் பிரிவு தடை செய்கிறது. 10-ஆம் பிரிவின் கூடுதல் மாதமும் அந்தப் பாதுகாப்புக்குள் அடங்கும். ஒப்பந்தப் பணியாளராக இருந்தாலும், ஒப்பந்தக் காலம் நடுவில் முடிந்துவிட்டது என்று சொல்லி மகப்பேறு பயனை நிறுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் கவிதா யாதவ் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் விடுப்பு முடிந்த மறுநாளிலிருந்து அவர் சட்டத்தின் பார்வையில் ஒரு சாதாரண நோயாளிப் பணியாளர். தொடர்ந்த உடல்நலக் குறைவைக் காரணம் காட்டிச் செய்யும் பணிநீக்கத்தை 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் ஆட்குறைப்பு என்ற வரையறைக்கு வெளியே வைத்திருந்தது; அதாவது ஆட்குறைப்புக்கு உரிய பாதுகாப்புகள் அதற்குக் கிடையா. ஐரோப்பாவிலும் இந்தக் கோட்டை நீதிமன்றமே வரைந்திருக்கிறது: 1990-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹெர்ட்ஸ் வழக்கில், மகப்பேறு விடுப்பு முடிந்தபின் தொடரும் நோய், அது பிரசவத்தாலேயே வந்ததாக இருந்தாலும், மற்ற நோய்களைப் போலவே கருதப்படும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. கடும் நோயில் இருக்கும் தாய்க்கு மகப்பேறு விடுப்பின் ஒவ்வொரு வாரமும் ஊதியத்தை மட்டுமல்லாமல் வேலையையும் காப்பாற்றித் தருகிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

அதனால்தான் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். “ஒரு நாள் வந்து பணியில் சேர்ந்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாளிலிருந்து மெடிக்கல் லீவு போடுங்கள்” என்று அலுவலகத்தில் நல்லெண்ணத்தோடே யாரேனும் சொல்லக்கூடும். எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் அப்படிச் செய்தால், மீதி மகப்பேறு விடுப்பு ஒத்திவைக்கப்படாது. அது முடிந்துபோனதாகவே கொள்ளப்படும். வேலையை ராஜினாமா செய்வதும் வேண்டாம். ஊதியத்தோடு நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடும் போய்விடும். சிகிச்சையின் நடுவில் புதிதாகக் காப்பீடு எடுத்து அதே நோய்க்குப் பயன்பெறுவது அநேகமாக நடக்காத காரியம்.

பேசிப் பெற வேண்டியதற்கு வருவோம். சட்டம் தருவதைவிடத் தொழிலாளிக்கு மேலான சலுகையைத் தரும் ஒப்பந்தத்தைச் செய்துகொள்ளத் தடையில்லை என்று 27-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்ற தடை உங்கள் தங்கையைப் பொறுத்தவரை ஏற்கெனவே கடந்துவிட்டது. ஆகவே நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம். அதில் நோயின் முழு வரலாறு தேவையில்லை. “இன்ன தேதி முதல் எனக்குத் தீவிர சிகிச்சை தொடங்குகிறது, மருத்துவர் சான்றை இணைத்துள்ளேன். அத்தேதியில் மீதமிருக்கும் மகப்பேறு விடுப்பை ஒத்திவைத்து, சிகிச்சைக் காலத்தை மருத்துவ விடுப்பாகக் கருதவும், சிகிச்சை முடிந்ததும் ஒத்திவைத்த நாட்களை ஒரே தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ளவும் அனுமதி கோருகிறேன். இந்தக் கோரிக்கை ஏற்கப்படும்வரை நான் தொடர்ந்து மகப்பேறு விடுப்பிலேயே இருக்கிறேன்” என்ற அளவில் போதும். கடைசி வாக்கியத்தை விட்டுவிட வேண்டாம். பதில் வரத் தாமதமானால் அதுதான் அவரைக் காப்பாற்றும். நிறுவனம் ஒப்புக்கொண்டால், எத்தனை நாள் ஒத்திவைக்கப்பட்டது, எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும், அப்போது ஊதியம் எந்த அடிப்படையில் என்ற மூன்றும் பதில் கடிதத்தில் இருக்க வேண்டும். இவை எழுத்தில் இல்லாத ஒப்புதல், மேலாளர் மாறும் நாளில் காற்றோடு போய்விடும்.

இப்படிக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால், அயர்லாந்து செய்திருப்பதைச் சுட்டிக்காட்டலாம். அங்கேயும் 2024 வரை குழந்தை மருத்துவமனையில் இருந்தால்தான் தாய் விடுப்பை ஒத்திவைக்க முடியும். தாய்க்கே நோய் என்றால் முடியாது. ஐரிஷ் புற்றுநோய்ச் சங்கம் அதற்காகப் பிரசாரம் செய்தது. 2024-இல் நிறைவேறிய சட்டத்தின்படி, அந்த ஆண்டு நவம்பர் 20 முதல், உடல்நோயோ மனநோயோ எதுவானாலும் தீவிரமானது என்று மருத்துவர் சான்றளித்தால், தாய் தன் மகப்பேறு விடுப்பைக் குறைந்தது 5 வாரங்களும் அதிகபட்சம் 52 வாரங்களும் ஒத்திவைக்கலாம். பிறகு மீதியை ஒரே தொடர்ச்சியாக எடுத்துக்கொள்ளலாம். நோய் கர்ப்பத்தால் வந்ததா என்ற கேள்வியே அதில் இல்லை. நீங்கள் கேட்ட உரிமை இதுதான். என் பார்வையில் இந்தியச் சட்டத்திலும் வர வேண்டிய திருத்தம் இதுதான். பிரிட்டனில் விடுப்பு 52 வாரம் என்றாலும், நடுவில் நிறுத்திப் பின்னால் தொடர முடியாது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு மகப்பேறு பாதுகாப்பு உடன்படிக்கையும் (இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை) கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் வரும் நோய்க்குத்தான் கூடுதல் விடுப்பைக் கட்டாயமாக்குகிறது. அங்கேயும் நோயின் மூலம்தான் அளவுகோல். ஆனால் அதோடு வெளிவந்த 191-ஆம் எண் பரிந்துரையில் நல்ல வாசகம் ஒன்று இருக்கிறது: பிரசவத்துக்குப் பின் தாய் நோயுற்றோ மருத்துவமனையில் சேர்ந்தோ குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியாமல் போனால், மீதி விடுப்பைப் பணியில் இருக்கும் தந்தைக்குத் தர வேண்டும் என்கிறது அது. இந்தியாவில் தனியார் துறைத் தந்தையருக்குச் சட்டப்படி ஒரு நாள் விடுப்புகூடக் கிடையாது. தங்கையின் கணவர் தன் நிறுவனத்திடம் வீட்டிலிருந்து வேலை செய்யும் அனுமதியையாவது இப்போதே கேட்டு வைப்பது நல்லது. கீமோ ஏற்றிய முதல் சில நாட்களில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் கட்டாயம் தேவைப்படுவார்.

அரசுப் பணியாளர்களின் நிலை வேறு. மத்திய அரசில் 180 நாள் மகப்பேறு விடுப்போடு வேறு விடுப்புகளைத் தொடர்ச்சியாகச் சேர்த்துக்கொள்ள விதி இருக்கிறது. 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியாளர்களுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு விடுப்பு. தங்கைக்கு இவை பொருந்தாது.

நிறுவனம் 26 வாரத்தில் எதையேனும் குறைத்தாலோ, சான்று கொடுத்தும் 10-ஆம் பிரிவின் மாதத்தை மறுத்தாலோ, தொழிலாளர் துறையின் ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். அவர் விசாரித்து உத்தரவிடும் அதிகாரம் பெற்றவர். உரிமையியல் வழக்குப் போல ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியதில்லை. ஐயம் எழும் இடங்களில் இந்தச் சட்டத்தைத் தாய்க்குச் சாதகமாகவே படிக்க வேண்டும் என்பதற்கு நம் பக்கத்திலிருந்தே சென்ற ஒரு வழக்கு துணையிருக்கிறது: கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன பி. ஷா வழக்கில், மகப்பேறு ஊதியக் கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்க்க வேண்டும் என்று 1977-இல் தீர்ப்பு வந்தது. தாய் இழந்த ஆற்றலை மீட்பதும், குழந்தையைப் பேணுவதும் இச்சட்டத்தின் நோக்கங்கள் என்று அதில் நீதிமன்றம் சொன்னது. ஒத்திவைப்புக் கோரும் கடிதத்திலும் அந்தத் தீர்ப்பை ஒரு வரியில் குறிப்பிடலாம். இரண்டாவது கீமோவுக்கு முன்பே கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைத் தேதியோடு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.